‘போமற்’ செய்வதற்கு முன்: லினக்ஸ் மடிக்கணினியின் திரை விழுந்தால் என்ன செய்வது?

கடந்த மாரியில், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அம்மாவின் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிவு செய்திருந்தேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் தன் கையாலேயே ஒப்படைத்த மகனைப் பற்றி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்திருந்தார். பதிவை மடிக்கணினியில் ஏற்றிய பிறகு, அடுத்த வேலைக்காகக் கமராவின் மெமரி காட்டை அழித்துவிட்டேன். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அது முழுக்க என்னுடைய கவனயீனம்.

மூன்று வாரங்களில் அந்த அம்மா இறந்துபோனார்.

செத்தவீட்டுக்குப் போய்வந்த இரவு மடிக்கணினியைத் திறந்தேன். கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு திரும்பவும் கடவுச்சொல் கேட்கும் பக்கமே வந்து நின்றது. பிழையான கடவுச்சொல் என்றும் சொல்லவில்லை. பத்துத் தடவை கொடுத்தேன், பத்துத் தடவையும் அதேதான்.

மறுநாள் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, இது லினக்ஸ். போமற் பண்ணி வேற போடுறதுதான் சுகம். பைல் ஏதும் முக்கியமா?”

முக்கியம்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. மடிக்கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாடசாலையொன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் என் சிநேகிதிக்கு அழைப்பு எடுத்தேன். அவள் சொன்ன முதல் வசனம் இன்றுவரை நினைவிருக்கிறது: “ஒண்டையும் அழிக்காத. திரைதான் விழுந்திருக்கு, கொம்பியூட்டர் விழேல்ல.”

அன்றிரவு அவளிடமும் பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். புதிய மடிக்கணினியின் விலை 2022 நெருக்கடிக்குப் பிறகு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பழைய இயந்திரங்களில் லினக்ஸ் போட்டுப் பாவிப்பவர்கள் எங்களிடையே கூடிவருகிறார்கள். அவர்களில் யாருக்காவது இது உதவும்.

விழுவது எது?

லினக்ஸ் கணினி அடுக்கடுக்காக இயங்குகிறது. அடியில் இருப்பது கரு. வன்தட்டு, நினைவகம், விசைப்பலகை எல்லாவற்றையும் ஆள்வது அதுதான். அதன் மேல் திரையில் படம் வரையும் அடுக்கு இருக்கிறது. 1984 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிறந்த எக்ஸ், அல்லது 2008 இல் தொடங்கப்பட்ட வேலண்ட் இந்த வேலையைச் செய்கிறது. அதற்கும் மேலே இருப்பது நாங்கள் கண்ணால் காணும் மேசைத்தளம். பட்டியல், சின்னங்கள், சாளரங்கள், பின்னணிப் படம் எல்லாம் அதற்குள் அடங்கும். குனோம், கேடிஇ பிளாஸ்மா, சினமன், எக்ஸ்எஃப்சிஇ எனப் பல மேசைத்தளங்கள் உண்டு.

மேசைத்தளமும் ஒரு நிரல்தான். அது விழுந்தால் கீழே உள்ள கரு பெரும்பாலும் இயங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் கோப்புகள் வன்தட்டில் கிடந்தபடியே கிடக்கும். முன்கதவுப் பூட்டு இறுகிவிட்டது என்பதற்காக வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள் இல்லாமல் போவதில்லை. ‘போமற்’ என்பது பூட்டைத் திருத்துவதற்காக வீட்டையே இடித்துக் கட்டுவது போன்றது.

அடுப்படிக் கதவு

கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள் சிநேகிதி. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் கூடவே அழுத்த வேண்டியிருக்கும். கறுப்புத் திரை வந்து, வெள்ளை எழுத்தில் பயனர் பெயரைக் கேட்டது. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதற்காகப் பயப்படத் தேவையில்லை. தட்டி முடித்து என்ரரை அழுத்தினால் உள்ளே விடும். மேசைத்தளத்தின் உதவியே இல்லாமல் கணினிக்குள் நுழையும் வழி இது. பழைய பக்கத்துக்குத் திரும்ப கொன்ட்ரோல், ஓல்ட் உடன் எஃப்1, எஃப்2 அல்லது எஃப்7 ஐ அழுத்திப் பார்க்கலாம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில் எல்எஸ் என்ற கட்டளையால் காணொளிகள் இருந்த கோப்புறையைப் பார்த்தேன். அந்த அம்மாவின் ஊர்ப் பெயரும் திகதியும் போட்டு நான் பெயர் வைத்த கோப்பு, முழு அளவோடு அப்படியே இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் கை நடுங்குவது நின்றது.

கணினி எழுதும் நாட்குறிப்பு

லினக்ஸ் தன்னுள் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதி வைக்கிறது. அதை வாசிக்க ஜேர்னல்சிரிஎல் என்ற கட்டளை உண்டு. அதன் பின்னே இடைவெளி விட்டு “-பி” என்று சேர்த்தால், கணினியை இம்முறை இயக்கியதிலிருந்து நடந்தவை மட்டும் வரும். திரை உறைந்து நீங்கள் கணினியை நிறுத்தி இயக்கியிருந்தால் “-பி -1” என்று கொடுக்க வேண்டும். அது முந்தைய தடவையின் குறிப்பைக் காட்டும். (இந்த ‘பி’ ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து.)

ஆயிரக்கணக்கான வரிகள் வந்து விழும். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. திரை விழுந்த நேரத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னே என்ன நடந்தது என்று பாருங்கள். கடைசியாகக் கத்திய நிரல் அல்ல, முதலில் தடுக்கி விழுந்த நிரல்தான் முக்கியம். ஒன்று விழுந்தால் அதைச் சார்ந்த பத்து நிரல்கள் அடுத்தடுத்துப் பிழைச் செய்தி எழுதும். அந்தப் பத்தைப் பார்த்து மிரண்டால் மூலகாரணம் கண்ணில் படாது.

கண்ணில் பட வேண்டிய சில சொற்கள் உண்டு. “செக்ஃபோல்ட்” என்றால் ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டதால் கரு அதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். “அவுட் ஒஃப் மெமரி” என்றால் ரேம் போதாமல் கரு ஒரு நிரலைத் தானே நிறுத்தியிருக்கிறது. “ஐ/ஓ எரர்” என்று வன்தட்டின் பெயரோடு வந்தால் அது வன்தட்டே பழுதாகிவருவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படி வந்தால் வேறெதையும் செய்யாமல் கோப்புகளைப் பிரதி எடுப்பதே முதல் வேலை.

எனக்கு வந்தது “நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ்”. வன்தட்டில் இடமில்லை. அவ்வளவுதான்.

இடம் இல்லாவிட்டால் கதவு ஏன் திறக்காது?

டிஎஃப் -எச் என்ற கட்டளை ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் பாவிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும். என்னுடையதில் 100% என்று இருந்தது.

மேசைத்தளம் தொடங்கும்போது உங்கள் கோப்புறைக்குள் சில சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். எழுத ஒரு துளி இடமும் இல்லாவிட்டால் அது தொடங்கிய வேகத்திலேயே நின்றுவிடும். நிரல் நின்றதும் கணினி உங்களைத் திரும்பவும் கடவுச்சொல் பக்கத்தில் கொண்டுவந்து விடும். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே போக முடியாத சுற்று இப்படித்தான் உண்டாகிறது.

அப்படியானால் கணினி மட்டும் எப்படி இயங்கியது? லினக்ஸில் பரவலாகப் பாவிக்கப்படும் எக்ஸ்ரி4 கோப்புமுறை, வழமையாக 5% இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். எங்கள் கோப்புகளால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அதனால்தான் அமைப்பு மூச்சு விட்டது, என் கணக்கு மட்டும் திணறியது.

எது இடத்தைத் தின்றது என்று காட்டுவது டியு -எச் -டி 1 என்ற கட்டளை. மறைந்திருக்கும் கோப்புறைகளையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும். என்னுடையதில் பெரிய பகுதி குப்பைத்தொட்டி. மாதக்கணக்கில் ‘அழித்த’ காணொளிகள் எல்லாம் அங்கே கிடந்தன. குப்பைத்தொட்டிக்குப் போன கோப்பு அதே வன்தட்டில்தான் இருக்கிறது, இடம் விடுபடுவதில்லை. அதற்குள் தேவையானது எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகு வெறுமையாக்கினேன். பிறகு ரீபூட் என்று தட்டினேன். இம்முறை கடவுச்சொல் கொடுத்ததும் என்னுடைய மேசைத்தளம் வந்தது.

இடப் பிரச்சினை இல்லையென்றால்?

எல்லோருக்கும் காரணம் இதுவாக இராது. சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போவதுதான் முறை.

முதலில் புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்கி அதற்குள் நுழைந்து பாருங்கள். கறுப்புத் திரையில் சூடோ அட்யூசர் என்று தட்டிப் பக்கத்தில் ஒரு பெயரைக் கொடுத்தால் போதும். புதிய கணக்கில் மேசைத்தளம் ஒழுங்காக வந்தால், பிழை பெரும்பாலும் உங்கள் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது. அங்கேயும் விழுந்தால் அமைப்பிலோ டிரைவரிலோ வன்பொருளிலோ தேட வேண்டும். இந்த ஒரு சோதனை பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

பிழை உங்கள் கணக்கில் என்றால், அண்மையில் எதைச் சேர்த்தீர்கள் என்று யோசியுங்கள். வெளியார் எழுதிய நீட்சிகளும் அலங்காரங்களும் மேசைத்தளத்தின் புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் அதை விழுத்துவதுண்டு. அவற்றை நிறுத்திப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் மேசைத்தளத்தின் அமைப்புக் கோப்புறையின் பெயரை மாற்றி வையுங்கள். அழிக்க வேண்டாம். புதிய அமைப்பைக் கணினி தானே உருவாக்கிக்கொள்ளும். சரிவராவிட்டால் பழைய பெயரை மீட்கலாம். திரும்பிப் போக வழி விட்டு ஒவ்வொரு அடியையும் வைப்பது இதில் முதல் விதி.

இற்றைப்படுத்தலுக்குப் பிறகு விழத் தொடங்கினால், கருவிலோ திரை அட்டையின் டிரைவரிலோ சந்தேகப்படலாம். கணினி தொடங்கும்போது வரும் குரப் பட்டியலில் மேலதிகத் தெரிவுகளுக்குள் போனால் பழைய கருவைத் தேர்ந்தெடுத்து இயக்க முடியும். பழையதில் ஒழுங்காக இயங்கினால் காரணம் கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டது.

நேரமும் காரணமும் தெரியாமல், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு நிரல் விழுந்தால் ரேமைச் சோதியுங்கள். மெம்ரெஸ்ற் என்ற இலவசக் கருவியை ஓர் இரவு ஓடவிட்டால் போதும். வெயில் நேரத்தில் மட்டும் விழுந்தால் மின்விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வழியாலும் உள்ளே போக முடியாவிட்டால், லினக்ஸை ஒரு பென்டிரைவிலிருந்து இயக்கலாம். நிறுவாமல் பரீட்சித்துப் பார்க்கும் தெரிவைக் கொடுத்தால் வன்தட்டில் கைவைக்காமல் இயங்கும். கோப்புகளை வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுத்த பிறகு ஆறுதலாக எதையும் செய்யலாம்.

பிழை அறிக்கை அனுப்பும் முன்

நிரல் விழும்போது அந்நேரம் அதன் நினைவகத்தில் இருந்தவற்றை லினக்ஸ் ஒரு கோப்பாகச் சேமிப்பதுண்டு. அதை வைத்து நிரலாளர்கள் பிழையைத் திருத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்நேரம் நீங்கள் திறந்திருந்த ஆவணத்தின் வரிகளும் தட்டிக்கொண்டிருந்த பெயர்களும் அதற்குள் இருக்கக்கூடும். அறிக்கையை அனுப்பலாமா என்று கேட்கும் பெட்டி வந்தால், என்ன வேலையில் இருந்தீர்கள் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு அழுத்துங்கள். உதவி கேட்டு நாட்குறிப்பை யாருக்கும் அனுப்பும்போதும் அதிலுள்ள பயனர் பெயர், கோப்புப் பெயர்களைக் கவனியுங்கள். சாட்சியங்களைச் சேகரிப்பவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப விடயமல்ல. கோப்பின் பெயரே ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

உரப்பையும் வன்தட்டும்

இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு உரப்பை இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் படங்கள் எல்லாம் அதற்குள். பாத்திரங்களை வழியில் போட்டாலும் அம்மா அந்தப் பையை விடவில்லை. பல குடும்பங்களில் அப்படி ஒரு பை இருந்தது. பலரிடம் அது கடைசிவரை வந்துசேரவில்லை.

இப்போது அந்தப் பை மடிக்கணினிக்குள் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரே படத்தை ஸ்கான் செய்து வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். தேடிக்கொண்டிருந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் இரண்டாம் தடவை கேட்டுப் பதிவு செய்ய முடியாது.

மேசைத்தளம் வந்த அன்றிரவே இரண்டு வெளி வன்தட்டுகளில் அந்தக் காணொளியைப் பிரதி எடுத்தேன். இரண்டையும் கடவுச்சொல் இட்டுப் பூட்டினேன். ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்றது வேறு ஊரில், வேறு வீட்டில். பிரதியைத் திறந்து கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்றும் பார்த்தேன். பதிவின் முடிவில் அந்த அம்மா கமராவைப் பார்த்து, “இதைக் கவனமா வச்சிருப்பியளோ பிள்ளை?” என்று கேட்கிறார். பின்னால் இருந்து நான் “ஓம் அம்மா” என்று சொல்வது கேட்கிறது.