ஒலிக்கலவைக் கருவியின் கண்காணிப்புப் பகுதி

ஒலிக்கலவைக் கருவியின் கண்காணிப்புப் பகுதி என்பது, அவையோருக்குச் செல்லும் ஒலியை மாற்றாமல், கருவியினுள் செல்லும் எந்த ஒலியையும் அதனை இயக்குபவர் தனியாகக் கேட்டுச் சரிபார்க்க உதவும் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் மிக்சர் எனப்படும் இக்கருவி கோயில் திருவிழாக்கள், திருமண மண்டபங்கள், வானொலி நிலையங்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள் ஆகியவற்றில் பயன்படுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் உள்ள அண்டை நகரங்களான திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் போன்ற ஊர்களில் நடைபெறும் திறந்தவெளி விழாக் கச்சேரி இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

இரு வழிகள்

மிக்சரில் நுழையும் ஒலிக்குறிகை இரு வழிகளில் செல்கிறது. ஒன்று முதன்மை வழி. ஒலிவாங்கியில் இருந்து வரும் குறிகை கெயின் திருகு, ஃபேடர் எனும் நழுவி, முதன்மை ஃபேடர் ஆகியவற்றைக் கடந்து பெருக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் செல்லும். மற்றொன்று கேட்கும் வழி. இது முதன்மை வழியின் ஏதேனும் ஒரு புள்ளியில் இருந்து குறிகையின் நகலை எடுத்து ஹெட்போனுக்கு அனுப்பும். எனவே ஹெட்போனின் ஒலியளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் அவையோர் கேட்பதில் மாற்றம் ஏற்படாது.

ஹெட்போனில் கேட்பது எப்புள்ளியில் இருந்து எடுக்கப்பட்டது என்பதை இயக்குபவர் எப்போதும் அறிந்திருக்க வேண்டும். அதை அறியாதவர் ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும் பாட்டு அவையிலும் கேட்பதாகத் தவறாகக் கருத நேரிடும்.

தனித்துக் கேட்கும் முறைகள்

ஒவ்வொரு சேனலிலும் உள்ள சோலோ அல்லது கியூ பொத்தான் அச்சேனலை மட்டும் ஹெட்போனுக்கு அனுப்புகிறது. இதில் மூன்று முறைகள் உள்ளன.

* பி.எஃப்.எல்: குறிகை ஃபேடருக்கு முன்பே எடுக்கப்படுகிறது. ஃபேடர் முழுவதும் கீழே இருந்தாலும் ஒலி கேட்கும். பெரும்பாலான மிக்சர்களில் இப்பொத்தானை அழுத்தும்போது அளவுகாட்டியும் அச்சேனலின் அளவையே காட்டும். கெயினைச் சரியாக அமைக்க இம்முறையே ஏற்றது.
* ஏ.எஃப்.எல்: குறிகை ஃபேடருக்குப் பின் எடுக்கப்படுகிறது. ஃபேடரின் நிலைக்கு ஏற்ப ஒலி கூடும், குறையும்.
* இடத்திலேயே தனித்தல்: இம்முறையில் பிற சேனல்கள் அனைத்தும் முதன்மை வழியிலேயே நிறுத்தப்படுகின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் இது பயனுள்ளது. ஆனால் கச்சேரியின் நடுவே இதனை அழுத்தினால் ஒரு கருவியைத் தவிர மற்றவை அவையோருக்குக் கேட்காமல் போய்விடும். நிகழ்ச்சி தொடங்கும் முன் மிக்சர் இம்முறையில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

சிறிய மிக்சர்கள் பலவற்றில் பி.எஃப்.எல் மட்டுமே இருக்கும்.

பழுது கண்டறிதல்

பாடகரின் ஒலி அவையில் கேட்கவில்லை எனில், முதன்மை வழியைப் படிப்படியாகக் கேட்டுப் பழுது உள்ள பகுதியைக் கண்டறியலாம்.

1. பி.எஃப்.எல்லில் ஒலி இல்லை எனில், பழுது ஒலிவாங்கி, கம்பி, கெயின் ஆகியவற்றில் ஒன்றில் உள்ளது. மின்தேக்கி வகை ஒலிவாங்கியாயின் 48 வோல்ட் மின்னூட்டம் தரப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.
2. பி.எஃப்.எல்லில் ஒலி உண்டு, ஏ.எஃப்.எல்லில் இல்லை எனில், ஃபேடர் கீழே உள்ளது அல்லது மியூட் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது.
3. இரண்டிலும் ஒலி உண்டு எனில், சேனலை முதன்மை வழிக்கு அனுப்பும் பொத்தான், முதன்மை ஃபேடர், பெருக்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் அழுத்திய பொத்தான்களை விடுவிக்க வேண்டும். ஒரு பொத்தான் அழுத்திய நிலையிலேயே இருந்தால் அச்சேனல் மட்டுமே ஹெட்போனில் கேட்கும். மற்றவை பழுதடைந்துவிட்டன என்ற ஐயம் இதனால் எழுவது உண்டு.

மேடைக் கண்காணிப்பு

கலைஞர்கள் தம் ஒலியைத் தாமே கேட்பதற்கு மேடையில் வைக்கப்படும் ஒலிபெருக்கியும் மானிட்டர் என்றே அழைக்கப்படுகிறது. இதற்கான ஒலி, ஒவ்வொரு சேனலிலும் உள்ள ஆக்ஸ் திருகின் வழியே செல்கிறது. இது ஃபேடருக்கு முந்தைய நிலையில் அமைக்கப்பட வேண்டும். இல்லையெனில் அவைக்காக ஃபேடரைக் குறைக்கும்போது பாடகருக்குக் கேட்கும் சுருதியும் குறைந்துவிடும். சுருதி கேட்காதபோது பாடகர் சுருதி விலக நேரிடலாம். ஆக்ஸ் வழிக்கு உரிய ஏ.எஃப்.எல் பொத்தானை அழுத்தினால், பாடகருக்குச் செல்லும் கலவையை இயக்குபவரும் ஹெட்போனில் கேட்கலாம்.

திறந்தவெளியில் பயன்பாடு

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரோட்டம் போன்ற பெருவிழாக்களில் கூட்டத்தின் இரைச்சல் மிகுதி. நாதசுவரமும் தவிலும் ஒலிபெருக்கி இன்றியே உரக்க ஒலிப்பவை. மிக்சர் மேடைக்கு அருகில் இருந்தால் ஒலி நேரடியாகக் காதை எட்டும். ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்பது தெரியாது. எனவே காதை முழுதும் மூடும் ஹெட்போன் தேவைப்படுகிறது.

மிக்சர் தொலைவில் இருந்தால் காலத்தாழ்ச்சி ஏற்படும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. ஒலிபெருக்கியில் இருந்து 35 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு ஹெட்போன் ஒலி 0.1 நொடி முன்னதாகக் கேட்கும். இது எதிரொலி போலத் தோன்றினாலும் பழுது அன்று. எண்முறை மிக்சர்கள் சிலவற்றில் ஹெட்போன் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி உண்டு.

ஹெட்போனில் நன்றாக இருப்பது ஒலிபெருக்கியிலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ளலாகாது. கூம்பு வடிவ ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை மிகக் குறைவாகவே வெளியிடும். ஆகவே கலவையின் சமநிலையை அவையோரிடையே நின்று கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஹெட்போன் பழுதையும் இரைச்சலையும் கண்டறிவதற்கே சிறந்தது.

இந்தியாவின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. குறிப்பிட்ட விழா நாட்களில் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். மார்கழித் திருப்பாவை நிகழ்ச்சி போன்று அதிகாலையிலேயே ஏற்பாடுகள் நடைபெறும் இடங்களில், பெருக்கியை இயக்காமல் பி.எஃப்.எல் வழியே எல்லா ஒலிவாங்கிகளையும் ஊருக்கு இடையூறு இன்றிச் சோதித்துவிடலாம்.

செவிப் பாதுகாப்பு

சுற்றுப்புற இரைச்சலை வெல்ல ஹெட்போனின் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே செல்வது செவிக்குத் தீங்கானது. உலக சுகாதார அமைப்பு வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதைப் பாதுகாப்பான வரம்பாகக் கூறுகிறது. பணியிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை ஒன்று நாளொன்றுக்கு 85 டெசிபெல்லில் 8 மணி நேரத்தை வரம்பாகக் கொள்கிறது. அதன்படி ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லில் அது 15 நிமிடமே. உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. எனவே ஹெட்போனை அணியும் முன் திருகை முழுவதும் குறைத்து, அணிந்த பின் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். சோதனை முடிந்ததும் கழற்றிவிடுவது நல்லது.

இவற்றையும் பார்க்க

* ஒலிவாங்கி
* ஒலிபெருக்கி
* டெசிபெல்
* ஆடிப்பூரம்