மோட்டார்ஹோம் பயணம்: மின்இணைப்பு இல்லாத இரவில் மின்கலம் தாங்குமா?

ஜூன் பள்ளி விடுமுறைக்கு நியூஸிலந்து போகிறீர்களா? மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துத் தென் தீவைச் சுற்றத் திட்டமா?

நம் ஊரில் ஜூன் வெயில். அங்கே ஜூன் குளிர்காலம். குவீன்ஸ்டவுனில் மாலை 5 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மீண்டும் உதிப்பது காலை 8 மணிக்குப் பிறகுதான்.

அந்த நீண்ட இரவில் வெப்பமூட்டி, குளிர்சாதனப் பெட்டி, விளக்கு எல்லாமே வண்டியில் இருக்கும் ஒரு மின்கலத்தை நம்பித்தான் ஓடும். கட்டண முகாம் பூங்காக்களில் மின்இணைப்பு கிடைக்கும். அவோராக்கி மவுண்ட் குக் அருகே உள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில் போன்ற இயற்கை முகாம்களில் கிடைக்காது.

நடு இரவில் மின்கலம் தீர்ந்தால் வெப்பமூட்டி நின்றுவிடும். கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உடன் இருந்தால் அது சின்ன விஷயமல்ல.

வண்டியில் எத்தனை மின்கலம்?

பொதுவாக இரண்டு வகை.

- ஒன்று, இயந்திரத்தை முடுக்க.
- மற்றொன்று, வண்டிக்குள் வாழ. விளக்கு, தண்ணீர் பம்ப், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இதில்தான் ஓடும்.

இரண்டாவது மின்கலம் தீர்ந்தாலும் வண்டி கிளம்பிவிடும். ஆனால் இரவு இருட்டிலும் குளிரிலும் கழியும்.

"100னு எழுதியிருக்கே, 100ம் கிடைக்காதா?"

மின்கலத்தின் கொள்ளளவை ஆம்பியர்-மணி என்ற அலகில் சொல்வார்கள். 5 ஆம்பியர் இழுக்கும் சாதனம் 2 மணி நேரம் ஓடினால் 10 ஆம்பியர்-மணி செலவு. கணக்கு அவ்வளவுதான்.

ஈய-அமில வகை மின்கலத்தில் 100 என்று போட்டிருந்தால், 50ஐ மட்டும் உங்களுடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். கடும் குளிரிலும் அதன் கொள்ளளவு சற்றுக் குறையும்.

லித்தியம் வகையில் 80க்கு மேல் தாராளமாகப் பயன்படுத்தலாம். எந்த வகை, எத்தனை என்பதை வண்டியை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஓர் இரவுக்கு எவ்வளவு செலவாகும்?

மாலை 5 மணியிலிருந்து காலை 9 மணிவரை, நால்வர் கொண்ட குடும்பத்துக்குத் தோராயக் கணக்கு:

- குளிர்சாதனப் பெட்டி: 25
- டீசல் வெப்பமூட்டியின் விசிறி, 10 மணி நேரம்: 15
- எல்இடி விளக்குகள்: 5
- நான்கு கைத்தொலைபேசிகள்: 5
- தண்ணீர் பம்ப்: 1

மொத்தம் 51 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலத்தில் அனுமதிக்கப்பட்டதே 50. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறீர்கள்.

தொலைபேசிகளைப் பகலில் வண்டி ஓடும்போதே சார்ஜ் செய்துவிட்டால் அந்த 5 மிச்சம்.

"ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?"

கொண்டுபோகலாம். மின்இணைப்பு உள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

500 வாட் ரைஸ் குக்கர் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின்மாற்றியில் வீணாவதையும் சேர்த்தால், அரை மணி நேரச் சோற்றுக்கு ஏறக்குறைய 24 ஆம்பியர்-மணி. அதாவது உங்கள் இரவில் பாதி.

மின்சாரத்தால் சூடாக்கும் எதுவும் இப்படித்தான். கெட்டில், ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டி, எல்லாமே மின்கலத்துக்கு எதிரி. மின்இணைப்பு இல்லாத இடத்தில் வண்டியின் மைக்ரோவேவும் சுவரில் உள்ள சாதாரண மின்செருகிகளும் பெரும்பாலும் வேலை செய்யாது.

சோற்றையும் வெந்நீரையும் எரிவாயு அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் நடுச்சாமத்தில் பால் கலக்கவும் உதவும்.

எவ்வளவு மீதம் என்று எப்படித் தெரியும்?

வண்டியின் கட்டுப்பாட்டுப் பலகையில் வோல்ட் அளவு தெரியும். சாதனங்களை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். ஈய-அமில மின்கலத்துக்கு:

- 12.7: நிறைந்துள்ளது
- 12.4: முக்கால்
- 12.2: பாதி, இத்துடன் நிறுத்துங்கள்
- 12.0: கால் பங்கு

வண்டி ஓடும்போது 13க்கு மேல் காட்டுவதை நம்ப வேண்டாம். அது சார்ஜ் ஏறும் அளவு. லித்தியம் வகையில் கடைசிவரை வோல்ட் அதிகம் மாறாது. விழுக்காட்டைப் பாருங்கள்.

திரும்ப நிரப்புவது எப்படி?

ஓட்டுவதுதான் முதல் வழி. பல வண்டிகளில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 20 முதல் 25 ஆம்பியர்-மணி ஏறும். நிறையும் தறுவாயில் வேகம் குறையும். ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்கினால் இந்த வரவு இல்லை.

கூரையில் சூரியத் தகடு இருக்கிறதா? டிசம்பரில் அது பெரிய துணை. ஜூனில் வெயில் சாய்வாக, சில மணி நேரமே விழும். அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

இரண்டு, மூன்று இரவுகளுக்கு ஒருமுறை மின்இணைப்புள்ள முகாமில் தங்கினால் மின்கலம் முழுமையாக நிறையும்.

மருந்தும் மருத்துவக் கருவியும் இருந்தால்?

*இன்சுலின்:* திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது. குளிர்காலத்தில் கெடுவதற்குச் சூடு மட்டுமே காரணமல்ல. ஓட்டுநர் இருக்கைப் பக்கம் விட்டுவைத்தால் இரவில் உறையலாம். குளிர்சாதனப் பெட்டியிலும் உறைபகுதியை ஒட்டி வைக்காதீர்கள்.

*தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சீபேப் கருவி:* ஈரப்பதமூட்டியை அணைத்தால் மின்செலவு வெகுவாகக் குறையும். அப்போதும் ஓர் இரவுக்கு 20 ஆம்பியர்-மணிக்கு மேல் ஆகலாம். அணைக்கலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். 12 வோல்ட் கம்பியையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மின்கலம் உள்ள வண்டி என்றால் மின்இணைப்புள்ள இடத்தை முன்பதிவு செய்வதே பாதுகாப்பு.

வெப்பமூட்டி நின்றுவிட்டால்?

எரிவாயு அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய வேண்டாம். கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. இரண்டிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

கூடுதல் போர்வை, கம்பளிக் காலுறை, வெந்நீர்ப் பை ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று முதல் நாளே சோதியுங்கள்.

தினமும் இருட்டுவதற்கு முன் வோல்ட் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால், மின்இணைப்புள்ள முகாமுக்குப் போக அப்போது இன்னும் நேரம் இருக்கும்.