ஏட்டுக்குச் சட்டம், மின்னேட்டுக்கு உறை

பழைய ஏட்டுச் சுவடி ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்த நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஓலைக்கட்டின் மேலும் கீழும் இரண்டு மரச்சட்டங்கள் அமைந்திருக்கும். துளையினூடே கயிற்றைக் கோத்து, அச்சட்டங்களோடு சேர்த்து இறுகச் சுற்றி, அதன்மேல் துணியாலும் பொதிந்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். வளைந்தால் ஒடியும் பொருளுக்கு வளையாத பொருளைத் துணையாக வைத்தல் வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

சுவடி பேணும் தொழில் திருகோணமலைக்கு அந்நியமானதன்று. இவ்வூரிற் பிறந்து, 1895ஆம் ஆண்டில் ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவலை வெளியிட்ட த. சரவணமுத்துப்பிள்ளை அவர்கள், சென்னையிற் கீழைத்தேயச் சுவடிகள் இருந்த நூல்நிலையத்தில் நூலகராகப் பணியாற்றியவர். நாவலாசிரியர் என்று அவரைப் போற்றுவோர் பலர். ஏடு காத்தவர் என்று நினைப்போர் சிலரே.

அதே கவலை இன்று வேறோர் உருவில் நம் இல்லங்களுக்கு வந்திருக்கின்றது. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பெற்றோருக்குக் கொண்டுவரும் பொருள்களுள் மின்னூல் வாசிப்புக் கருவியும் இப்பொழுது சேர்ந்துவிட்டது. துறைமுகத்தை அடுத்த நமது லிங்கநகரிலும் அதனைக் காண்கின்றோம். கிண்டில் என்றும் கோபோ என்றும் பெயர் பெற்ற இக்கருவி, பார்வைக்குச் சிறுபிள்ளைகளின் சிலேட்டுப் போன்றது. கண்ணைக் கூசச் செய்யாத திரை. ஒருமுறை மின்னேற்றினால் பல நாள்களுக்குக் குறையாத மின்கலம். ஆயிரக்கணக்கான நூல்களை அடக்கிக்கொள்ளும் வயிறு. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாமாதலால், கண்பார்வை குன்றிய முதியோருக்கு இது பெரியதோர் உதவி.

இத்தகைய கருவிக்கு உறை தெரிவுசெய்வதைப்பற்றி ஒரு கட்டுரை வேண்டுமா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் நூல் இழந்தவர்கள் அல்லர் என்றே கருதுகின்றோம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அது நாடறிந்த இழப்பு. போர்க்கால இடப்பெயர்வுகளின்போதும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின்போதும் வீட்டு அலுமாரிகளோடு மறைந்த நூல்களுக்கோ எவரும் கணக்கெழுதவில்லை. அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பொலித்தீன் பையிற் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நூல்களை எங்ஙனம் எடுப்பர்?

அங்ஙனம் இழந்த முதியவர் ஒருவர், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகவும், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளத்தின் வாயிலாகவும், தம் பழைய அலுமாரியின் ஒரு பகுதியையேனும் இக்கருவியில் மீண்டும் அடுக்கிக்கொள்ளலாம். நூலின் படி வேறிடத்தில் இருக்கின்றது; அது அழியாது. கருவி உடைந்தாலோ, அதை வாசிக்கும் வழி அவருக்கு அன்றோடு அடைபட்டுப் போகும். திரை உடைந்த கருவியைத் திருத்துவது நம்மூரில் எளிதன்று. திருத்தும் செலவோ புதியதொன்றின் விலையை நெருங்கிவிடும்.

ஆகவே, எது இக்கருவியைக் கெடுக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதன் திரை ‘மின்மை’ என்னும் முறையில் இயங்குவது. மயிரிழையின் பருமனளவேயான நுண்குமிழிகளில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. அவை எதிரெதிரான மின்னேற்றம் உடையவை. மின்னழுத்தம் மாறும்போது ஒரு நிறத் துகள் மேலெழும், மற்றது கீழிறங்கும்; அவ்வாறே எழுத்துத் தோன்றுகின்றது. ஒருமுறை தோன்றிய எழுத்தை நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. இத்துகள்களுக்கு ஆணையிடும் மின்சுற்று, பெரும்பாலான கருவிகளில், திரைக்குப் பின்னாலுள்ள மிக மெல்லிய கண்ணாடித் தகட்டிலே பதிந்திருக்கின்றது. மேலே தடவிப் பார்த்தால் பிளாஸ்டிக்குப் போலத் தோன்றுவதால், உள்ளே கண்ணாடி இருப்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அது கீழே விழுந்தாலும் உடையும். விழாமலே, ஒரு புள்ளியில் அழுத்தம் ஏற்பட்டாலும், சற்று வளைந்தாலும் உடையும்.

லிங்கநகரில் நாம் அறிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது இதுதான். பாட்டனாரின் கருவியைப் பேரன் பாடசாலைப் பையில் வைத்து எடுத்துச் சென்றான். அதற்கு அழகான பூவேலை செய்த மென்துணிப் பை ஒன்று இருந்தது. பேருந்தில் நெரிசல், புத்தகப் பையினுள்ளே சோற்றுப் பெட்டி. பெட்டியின் மூலை அந்த மென்பையினூடே திரையின் நடுவில் அழுத்திக்கொண்டே வந்திருக்கின்றது. வீடு சேர்ந்து எடுத்துப் பார்த்தால், வெளியே ஒரு கீறலும் இல்லை; திரையின் மேற்பாதியில் எழுத்து, கீழ்ப்பாதியிற் கோடுகள். பையன் அழுதான். பாட்டனார் ஒன்றும் கூறவில்லை. அன்று தாம் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேற்பாதி மட்டும் அத்திரையில் அப்படியே நின்றுவிட்டதை அவர் எமக்குக் காட்டினார்.

இதிலிருந்து உறையின் முதற் பண்பு விளங்கும். திரையின் மேல் மூடும் பக்கம் விறைப்பாக இருத்தல் வேண்டும். கடையிலே உறையை வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன், முன்மூடியின் நடுவிற் பெருவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். விரல் பதிந்து உள்ளே குழியுமானால், அது எத்துணை விலையுயர்ந்த தோலாயினும் வேண்டா. பின்புறத்தை மட்டும் மூடும் றப்பர் போன்ற உறைகள் விழும்போது ஓரளவு காக்குமேயன்றி, பையினுள் நேரும் அழுத்தத்துக்கு யாதொன்றும் செய்யமாட்டா. மென்துணிப் பை தூசிக்கு மட்டுமே தடை; வீட்டு மேசையை விட்டு நீங்காத கருவிக்கு அது போதும்.

நான்கு மூலைகளிலும் மீள்நாடா வைத்து, எக்கருவிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் உறைகளும் உண்டு. எவர்க்கும் பொருந்தும் செருப்பு எவர்க்கும் பொருந்தாது. நாடா நாளடைவில் தளர்ந்து, கருவி ஒருநாள் நழுவிக் காலடியில் விழும். குறித்த மாதிரிக்கென்றே வார்த்த கூட்டினுள் கருவி ‘டக்’ என்று அமர்தல் நலம். கூட்டின் விளிம்பு திரையின் மட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தால், குப்புற விழுந்தாலும் விளிம்பே முதலில் நிலத்தைத் தொடும்.

மாதிரியைப்பற்றி ஓர் எச்சரிக்கை. கிண்டில் பேப்பர்வைட் என்னும் ஒரே பெயரில் 2018இல் வந்தது 6 அங்குலத் திரை. 2021இல் வந்தது 6.8 அங்குலம், 2024இல் வந்தது 7 அங்குலம். ஒன்றின் உறை மற்றதற்குப் பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து உறையைத் தருவிப்போர், கருவியின் அமைப்புப் பகுதியிற் காணும் தலைமுறை விபரத்தைப் பார்த்து எழுதியனுப்புதல் வேண்டும். மகளுக்குத் தொலைபேசியில் “கறுப்பு நிறக் கிண்டில்” என்று மட்டும் கூறினால், வந்து சேர்வது வேறொருவருக்கே உதவும்.

இனி, துறைமுகத்து வாழ்வுக்குரிய சில தொல்லைகள். கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. மாரி காலத்தில் மெய்த்தோல் உறையில் பூஞ்சணம் பிடிக்கும். மலிவான போலித்தோலோ ஓரிரு ஆண்டுகளிற் செதில் செதிலாக உரியும். தடித்த துணியுறை வியர்வையையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தெடுக்கக்கூடிய, வழுக்காத செயற்கைப் பொருளே இவ்விடத்துக்கு ஏற்றது என்பது எமது துணிபு. அழகிற் குறைந்ததுதான், என் செய்வது!

கச்சான் வீசும் மாதங்களில் வேறு தொல்லை. (கொறிக்கும் கச்சானையன்று, காற்றையே கூறுகின்றோம்.) கிண்டிலை இயக்குவதற்கு அதன் உற்பத்தியாளர் விதித்துள்ள வெப்ப எல்லை 35 பாகை செல்சியசு. திருகோணமலையில் மே முதல் ஆகஸ்ட் வரை நண்பகலில் அந்த எல்லையைத் தாண்டும் நாள்கள் பல. முற்றத்து வெயிலிலோ, முச்சக்கர வண்டியின் முன்தட்டிலோ கரிய உறையோடு கருவியை வைத்துவிட்டுச் செல்லலாகாது. வெளிர் நிற உறை அழுக்கைக் காட்டும். ஆனால் வெப்பத்தைக் குறைவாகவே வாங்கும்.

நீர் புகாத கருவிதானே, கடற்கரைக்கு எடுத்துச் சென்றால் என்ன என்று கேட்போரும் உளர். பேப்பர்வைட் கருவி நன்னீரில் 2 மீற்றர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும் எனச் சோதித்துக் கூறியிருக்கின்றனர். கடல்நீரிலோ கால் மீற்றர் ஆழம், 3 நிமிடம் மட்டுமே. உப்புநீரின் வலிமை அத்தகையது. நனைந்துவிட்டால் உடனே உறையினின்றும் கழற்றிவிடுதல் வேண்டும். உறைக்கும் கருவிக்கும் இடையே தேங்கிய நீர் எளிதில் உலராது. பின்னர் நன்னீரால் அலசி, துடைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே மின்னேற்றுக.

மூடியதும் திரை உறங்கவும், திறந்ததும் விழிக்கவும் பல உறைகளிற் காந்தம் பதித்திருக்கின்றனர். வசதிதான். ஆயினும், காந்தம் வலுவற்றதாயின் பையினுள் மூடி தானே திறந்துகொள்ளும். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்து வாங்குதல் வேண்டும். உள்ளே அட்டை செருகும் அறை இருப்பினும், காந்தப் பட்டியுடைய வங்கி அட்டையை அதில் வைக்காதிருத்தல் நன்று.

பொருத்தமான உறை கடையிற் கிடையாவிட்டால், தையல் தெரிந்த இல்லத்தரசியர் மனம் தளர வேண்டியதில்லை. பழைய கணக்குப் பேரேட்டின் கெட்டி மட்டைகள் இரண்டு போதும். கருவியின் நீள அகலங்களை அளந்து, ஒவ்வொரு பக்கத்திலும் 3 மில்லிமீற்றர் கூட்டி வெட்டிக்கொள்க. ஏட்டுச் சட்டம் ஓலையின் விளிம்பைக் காத்தது போல, அந்தச் சிறு மிகுதியே மூலைகளைக் காக்கும். மட்டைகளுக்கு இடையே கருவியின் தடிப்பளவு முதுகு விட்டு, தடித்த துணியால் இரண்டையும் இணைத்துத் தைக்க வேண்டும். திரையைத் தொடும் உட்பக்கத்துக்குப் பழைய பருத்திச் சேலைத் துண்டு சிறந்தது. சரிகை இருந்தால் வெட்டி நீக்கிவிடுக, அது திரையைக் கீறும். கருவியைத் தாங்க, மூலைப் பட்டிகளுக்குப் பதிலாக மூன்று பக்கமும் அடைத்த ஒரு சட்டகமாகத் தைத்தல் பாதுகாப்பானது. மின்னேற்றும் துளைக்கும் பொத்தானுக்கும் இடம் விட மறவற்க. மூடுவதற்கு வைக்கும் பொத்தான் உறையின் விளிம்புக்கு வெளியே தொங்கும் நாடாவில் இருக்கட்டும். மூடியின் நடுவே வைத்தால், சோற்றுப் பெட்டியின் மூலை செய்த வேலையை அந்தப் பொத்தானே செய்துவிடும்.

தைத்து முடிந்தபின், முன்மூடியின் உட்பக்கத்தில் வெண்துணித் துண்டொன்றை ஒட்டி, உரியவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அழியா மையால் எழுதிவைக்கலாம். பேருந்திருக்கையில் மறந்து விடப்பட்ட கருவியைக் கண்டெடுப்பவர், கடவுச்சொல் தெரியாமல் அதனைத் திறந்து உரியவர் யாரென அறிய இயலாது. உறையைத் திறக்க எவராலும் இயலும்.