முழங்கால் சத்திரசிகிச்சை: வலி நிவாரணத்தை முன்கூட்டியே தீர்மானிப்போம்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் மறிச்சுக்கட்டி மக்களும் அடங்குவர். புத்தளத்து அகதி வாழ்வின் பின் 2009ஐத் தொடர்ந்து மீளக்குடியேறியவர்களில், அன்று நடுவயதினராயிருந்தோர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டனர். மூட்டுத் தேய்வினால் தொழுகையில் சுஜூது செய்யவியலாது கதிரையை நாடும் இம்முதியோருக்கு, முழங்கால் மூட்டு மாற்று சத்திரசிகிச்சை இன்று எட்டாத ஒன்றல்ல. ஆயினும் அதன் பின்னரான வலியை எவ்வாறு தணிப்பது என்பதை சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியருடன் பேசித் தீர்மானிப்போர் நம்மிடையே அரிது.

முள்ளந்தண்டில் ஏற்றப்படும் விறைப்பு மருந்தின் வலு சில மணித்தியாலங்களில் குறைந்துவிடும். எனவே, தொடையின் நடுப்பகுதியில் முழங்காலுக்குரிய உணர்வு நரம்பைச் சூழ மருந்து செலுத்தும் முறை இப்போது பரவலாகக் கையாளப்படுகின்றது. தொடைத் தசையின் பலம் பெரிதும் குன்றாதிருப்பதால் நோயாளி விரைவில் எழுந்து நடக்கலாம். ஆனால் ஒரே தடவை செலுத்தப்படும் ஊசியின் பயன் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் நீடிப்பதில்லை. அது விலகும் வேளையில் வலி திடீரெனப் பெருகும். அதற்கு முன்னரே மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும்.

ஒரே மருந்தைக் கூடுதலாகக் கொடுப்பதைவிட, வெவ்வேறு வகை மருந்துகளை அளவோடு சேர்த்துக் கொடுப்பதே இன்றைய மருத்துவத்தின் வழி. அடிப்படை மருந்து பரசிட்டமோல். 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் ஒரு நாளில் எடுக்கலாகாது. மெலிந்த முதியோருக்கும் ஈரல் நோயாளருக்கும் இதனினும் குறைவே போதும். டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்றவை வீக்கத்தையும் தணிக்குமெனினும் சிறுநீரகக் கோளாறு, குடற்புண், இருதய நோய் உள்ளோருக்கு அவை ஆபத்தானவை. குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து எடுப்போரும் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. பக்கத்து வீட்டாருக்குச் சுகமளித்த மாத்திரை என்பதற்காகப் பாமசியில் வாங்கி விழுங்கும் வழக்கத்தை நாம் இனியேனும் கைவிடவேண்டும்.

ட்ரமடோல், மோர்பின் முதலியவை கடும் வலிக்குரியவை. மயக்கமும் மலச்சிக்கலும் ஏற்படுத்துவன. இரவில் தலைசுற்றி விழுந்தால் புதிய மூட்டே பழுதாகிவிடக்கூடும். போதை மருந்தாயிற்றே என மார்க்க ரீதியாகத் தயங்குவோருக்கு ஒரு வார்த்தை: வைத்தியரின் கண்காணிப்பில், தேவையின் அளவுக்குச் சில நாட்கள் பயன்படுத்துவதை மார்க்க அறிஞர்கள் தடுப்பதில்லை.

வலியைப் பொறுத்துக்கொள்வதே சபூர் எனக் கருதி மருந்தை மறுக்கும் மூத்தோரையும் நாம் கண்டிருக்கின்றோம். வலி மிகுந்தால் காலை மடக்கிப் பயிற்சி செய்ய முடியாது; முதல் சில வாரங்களில் மடக்காத மூட்டு இறுகிவிடும். பயிற்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக மாத்திரை எடுப்பதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பயிற்சியின் பின் வைப்பதும் பெரிதும் உதவும்.

மன்னார் நகரிலிருந்து வெகுதொலைவிலுள்ள கிராமத்துக்குத் திரும்புவோர், எந்த மாத்திரையை எத்தனை நாள் எடுப்பது, எதனை முதலில் நிறுத்துவது என்பவற்றைத் தமிழில் எழுதி வாங்கிச் செல்லவேண்டும். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தாலோ, காய்ச்சலுடன் காயத்தில் நீர் கசிந்தாலோ மாத்திரையைக் கூட்டிக்கொண்டு வீட்டில் இராது உடன் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். திடீரென மூச்சுத் திணறினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.