ஒலித்தூது

வங்கக் கடலோர மக்களுக்குப் புயல் புதிதன்று. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. அப்பொழுது திருவள்ளூர் மாவட்டத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்தன. கைப்பேசிகள் பல ஊமையாயின. இத்தகைய வேளையில் கைகொடுக்க வல்லது அமெச்சூர் வானொலி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கிய பின்னர், அன்று போர்ட் பிளேயர் என வழங்கிய நகரில் இருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தம் குழுவினருடன் இவ்வானொலி வழியே செய்திகளை அனுப்பிப் பலர்தம் கவலையைத் தீர்த்தார்.

ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றே கொண்டு நடத்தப்பெறுவது இவ்வானொலி. நம் நாட்டில் 12 வயது நிரம்பியோர் அரசுத் தேர்வில் வென்று இதற்கு உரிமம் பெறலாம்.

இக்காலத்தில் இவ்வானொலி கணினியோடு கூடிப் பணிபுரிகின்றது. எழுத்தாலான செய்தியைக் கணினி ஒலியாக்கும். வானொலி அதனை அலையாக்கி அனுப்பும். இரைச்சலில் மூழ்கிச் செவிக்கு எட்டாத ஒலியையும் கணினி பகுத்தறியும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றுவதே ஒலி இடைமுகக் கருவி. நல்ல தூதன் சொன்னதைக் கூட்டான், குறையான். இக்கருவிக்கும் அதுவே இலக்கணம்.

அதனைத் தேர்வது எவ்வாறு? புதிய வானொலிகள் பலவற்றில் இக்கருவி உள்ளேயே அமைந்திருக்கும். அங்ஙனமாயின் வேறு வாங்க வேண்டுவதில்லை. இல்லையெனில் மூன்று பண்புகளை நோக்குக.

முதலாவது, தனிமை. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் மோட்டார்களும் மின்னுலைகளும் எழுப்பும் இரைச்சல் வானொலியில் கலப்பது இயல்பு. அதனை இக்கருவி நீக்காது. ஆயினும் தானும் ஓர் இரைச்சலைச் சேர்த்தல் ஆகாது. கணினியும் வானொலியும் கம்பியால் நேரே இணைந்தால், நில இணைப்பின் வழியே மின்னோட்டம் சுழன்று ரீங்காரம் எழும். ஒலி செல்லும் வழியில் சிறு மின்மாற்றி ஒன்று இருப்பின், ஒலி மட்டும் கடந்து செல்லும், ரீங்காரம் அடங்கும்.

இரண்டாவது, அளவு. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வேண்டும். ஒலி மிகுந்தால் அலை சிதைந்து, அண்டை அலைவரிசையில் பேசுவோர்க்கும் இடையூறாகும்.

மூன்றாவது, போதுமை. இவ்வகை வானொலியில் பேச்சொலி பெரும்பாலும் நொடிக்கு 3,000 அதிர்வுகளுக்குள் அடங்கும். நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் எளிய கருவியே இதற்குச் சாலும். இசைப் பதிவிற்கென 1,92,000 முறை அளக்கும் கருவியைப் பெருவிலை கொடுத்து வாங்குவதால் இங்குப் பயன் மிகாது.

மாணவர்களே! விலையை நோக்காது வினையை நோக்குங்கள். புயலிரவில் சிதையாது சென்று சேரும் ஒரு வரிச் செய்தி, ஓர் உயிரைக் காக்கக்கூடும் அன்றோ?