பால் குடிக்கையில் நெற்றி வியர்த்தால்

எங்கள் பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள், அப்பரின் சூலை நோய் தீர்ந்த இடம் என்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். எனக்கு அங்கே முதலில் நினைவுக்கு வருவது அவருடைய அக்கா திலகவதியார். பெற்றோரையும் மணம் பேசியிருந்த கலிப்பகையாரையும் இழந்தபின் தம்பிக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தவர். திருப்பாதிரிப்புலியூர்ச் சமண மடத்தில் இருந்த தம்பி, வயிற்றுவலி பொறுக்காமல் இரவோடு இரவாக அந்த அக்காவிடம்தான் வந்தார் என்கிறது பெரியபுராணம்.

அப்பருக்கு வலியைச் சொல்ல வாய் இருந்தது. பிறந்து பத்து நாளான பிள்ளைக்கு அது இல்லை. அதன் நோயை வேறொருவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பிறவியிலேயே இதயக் கோளாறோடு வரும் குழந்தைகளின் விஷயத்தில் பல நேரம் முதலில் கண்டுபிடிப்பவர் மருத்துவர் அல்ல, பால் கொடுக்கிற அம்மாதான். ஆனால் அவர் சொல்வதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆயிரம் குழந்தை பிறந்தால் அதில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கும். பிறவிக் குறைகளில் இதுதான் அதிகம். பாதிக்கு மேல் சிறியவை; சில துளைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். குறையுள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தைக்கு முதல் வயது முடிவதற்குள் அறுவை சிகிச்சையோ குழாய்வழிச் சிகிச்சையோ தேவைப்படும். நாள் கணக்கு முக்கியமாவது அவர்களுக்குத்தான்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு, அப்புறம்?

கருவில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போக, இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே ஒரு குறுக்குவழி உண்டு. பிறந்து மூச்சு இழுத்ததும் அதற்கு வேலை போய்விடும். ஓரிரு நாளில் சுருங்கத் தொடங்கி, சில வாரங்களில் முழுக்க மூடிவிடும்.

சில இதயங்களில் அந்தக் குறுக்குவழிதான் உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கும். பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த குழந்தை, இடப்பக்க இதயம் வளராத குழந்தை இந்த வகை. குறுக்குவழி திறந்திருக்கும்வரை குழந்தை பார்வைக்கு நலமாகவே தெரியலாம். சுகப்பிரசவம் என்றால் மூன்றாம் நாள் வாக்கில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்து, தொட்டில் கட்டும் நேரத்தில் வழி மூடுகிறது. குழந்தை பால் மறுக்கிறது, உடம்பு சில்லிடுகிறது, மூச்சு இரைக்கிறது. அந்த நிலையிலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் குறுக்குவழியை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு, அறுவை செய்யும் ஊர்வரை குழந்தையைக் கொண்டுபோக முடியும்.

இதை முன்கூட்டிப் பிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கொரோனா காலத்தில் ஊர் முழுக்க விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே வகை ஆக்ஸிஜன் கருவி. குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்ப்பார்கள். கையிலும் காலிலும் 95 அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 3-ஐத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே இருந்தால் உடனே இதய எக்கோ. நடுவில் நின்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குவதற்கு முன், "கொழந்தைக்குக் கையிலயும் கால்லயும் ஆக்ஸிஜன் பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். பெரியவர்கள் விரலுக்கான கருவியை வீட்டில் குழந்தை விரலில் மாட்டிப் பயப்படுவது மட்டும் வேண்டாம். அது சரியாகக் காட்டாது.

"மொத மாசம் நல்லாத்தான் இருந்தான்"

இந்த வாசகம் குழந்தை இதய மருத்துவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பொய்யும் இல்லை. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய துளை இருந்தாலும் முதல் சில வாரம் தெரியாது. நுரையீரல் ரத்தக்குழாய்கள் அதுவரை இறுக்கமாக இருந்து, ரத்தம் வழிந்தோடாமல் தடுத்துவைக்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் அவை தளர்ந்ததும் துளை வழியாக ரத்தம் நுரையீரலுக்குள் பாய்கிறது. இதயம் இரட்டை வேலை பார்க்கிறது. அதாவது குழந்தை எந்நேரமும் மலையேறிக்கொண்டிருக்கிற மாதிரி.

பாலூட்டும்போது அது தெரியும். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் பெரிய உழைப்பு. நாலு வாய் உறிஞ்சும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி பிடிக்கும், அரைமணிக்கு மேல் இழுக்கும், வயிறு நிறையாமலே களைத்துத் தூங்கிப்போகும், முக்கால் மணியில் பசித்து அழும். மின்விசிறிக்குக் கீழேயும் நெற்றியும் தலையும் முத்துமுத்தாக வியர்க்கும். பங்குனி வெயிலில் எல்லாக் குழந்தைக்கும்தான் வியர்க்கும் என்பார்கள். பால் குடிக்கும்போது மட்டும் நெற்றி வியர்ப்பது வெயிலால் அல்ல.

கூடவே எடை. நலமான குழந்தை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். ஐந்தாம் மாத வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும். அங்கன்வாடியில் எடை போட்டு எழுதித் தரும் அட்டையில் கோடு படுத்துவிட்டால், "தாய்ப்பால் பத்தல" என்று அம்மாமேல் பழியைப் போட்டுப் புட்டிப்பாலுக்குத் தாவுவதற்கு முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணிப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள்

"மூச்சு வாங்குது சார்" என்று சொன்னால் மருத்துவருக்கு அது ஒரு புகார். "தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு 68 மூச்சு, மூணு நாளா எண்ணுறேன்" என்றால் அது தகவல். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அயர்ந்து தூங்கும் நேரம் பார்த்துச் சட்டையை விலக்கி, வயிறு எழும்பித் தாழ்வதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கக்கூடாது. பச்சிளம் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, அதற்குமேல் ஒரு வயதுவரை 50 என்பது எச்சரிக்கை எண்.

நீலம் பார்ப்பதில் நம் ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு சிக்கல். மாநிறத்திலும் கறுப்பிலும் தோலில் நீலம் தெரியாது. நாக்கு, உதட்டின் உட்பக்கம், ஈறு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளங்கையும் பாதமும் முதல் ஓரிரு நாள் நீலமாக இருப்பது இயல்புதான். நாக்கு நீலமாக இருப்பது எந்த நாளிலும் இயல்பல்ல.

பார்ப்பதையும் தொடுவதையும் கொண்டே குழந்தை இதய மருத்துவத் துறையை உருவாக்கியவர் ஹெலன் டாசிக் என்ற அமெரிக்க மருத்துவர். கேட்கும் திறன் குறைந்துபோனதால் ஸ்டெதஸ்கோப்பை நம்ப முடியாமல், குழந்தைகளின் நெஞ்சில் கைவைத்து இதயத்தை அறியப் பழகிக்கொண்டார். நீலக் குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் ரத்தம் போதவில்லை; புதிதாக ஒரு வழி வெட்டிவிட்டால் பிழைக்கும் என்று சொன்னவரும் அவரே. 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளேலாக் அதைச் செய்தார். அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வக உதவியாளர். மருத்துவப் பட்டம் இல்லாத அவர் பெயரையும் அந்தச் சிகிச்சையோடு சேர்த்துச் சொல்ல உலகத்துக்கு வெகுகாலம் ஆயிற்று.

உரம், தொக்கம், கழுதைப்பால்

குழந்தை மூச்சு வாங்கினால் உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டுவது, பால் குடிக்காவிட்டால் தொக்கம் எடுப்பது, சளி பிடிக்காதிருக்கத் தெருவில் வரும் கழுதைப்பாலைச் சங்கில் வாங்கி ஊற்றுவது எல்லாம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. நலமான குழந்தை பெரும்பாலும் இதையெல்லாம் தாங்கிக்கொண்டு பிழைத்துவிடுகிறது. அதனால்தான் இவற்றின் பெயரும் பிழைத்திருக்கிறது. இதயக் குழந்தை தாங்காது. உருட்டுகையில் வீறிட்டு அழும் அழுகையே அதை நீலமாக்கிவிடும். காய்ச்சாத பாலில் வரும் கிருமி ஒரு வயிற்றுப்போக்கோடு நிற்காது. பாட்டியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவரையே எக்கோ அறைக்குக் கூட்டிப்போய்த் திரையில் அந்தத் துளையைப் பார்க்க வைக்கலாம். அதன்பிறகு தெருவில் கழுதைப்பால்காரர் வந்தால் திருப்பி அனுப்புகிற ஆளும் அவராகவே இருப்பார்.

யார் செய்த பாவம்?

கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், ஜாதகம் சரியில்லை. இத்தனையும் அந்தப் பெண் தலையில்தான் விழும். குழந்தையின் இதயம் கருவுற்ற எட்டு வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். பெரும்பாலான குழந்தைகளில் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை.

தெரிந்த காரணங்களும் உண்டு. கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா அம்மை வந்தால் குழந்தையின் இதயத்தோடு கண்ணும் காதும் கெடலாம். தமிழ்நாட்டில் 2017 தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களில் போட்ட தட்டம்மை–ரூபெல்லா ஊசியை வாட்ஸப் வதந்தியால் பலர் மறுத்தார்கள். அந்த ஊசி இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளின் இதயத்துக்குமானது. கட்டுப்படாத சர்க்கரை, சில வலிப்பு மருந்துகள், டவுன் நோய்க்குறி ஆகியவையும் பட்டியலில் வரும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதும் ஆபத்தைக் கூட்டுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நாலில் ஒன்றுக்கு மேற்பட்ட மணங்கள் சொந்தத்துக்குள்தான். அத்தை மகனைக் கட்டிவைத்ததும் அதே பெரியவர்கள்தானே? பழி சொல்வதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளலாம்.

பழி சுமக்கும் பெண்ணால் குழந்தையின் மூச்சை நிதானமாக எண்ண முடியாது. தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல், குழந்தையைத் தொடவே பயந்தால் அதுவும் ஒரு நோய்தான். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

பாலாடையும் சிரிஞ்சும்

உறிஞ்சிக் களைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். நம் வீட்டுச் சாமான்தான். பச்சிளம் குழந்தைப் பிரிவுகளிலும் அதையே பயன்படுத்துகிறார்கள். இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக, தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். எடை ஏறாவிட்டால் பாலில் சத்து சேர்க்க மருத்துவர் சொல்வார். தானாக எதையும் கரைக்கக்கூடாது.

மருந்துக்குப் பாலாடை ஆகாது. டிகாக்ஸின் போன்ற சொட்டு மருந்தில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிரிஞ்சில் அளந்துதான் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலும் மறுபடி ஊற்றாமல் மருத்துவரைக் கேளுங்கள். யார், எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று நோட்டில் எழுதாவிட்டால் அம்மா ஒருமுறையும் ஆயா ஒருமுறையும் கொடுத்துவிடுவார்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது இந்தக் குழந்தைகளுக்கு நாம் செய்யும் பெரிய தப்பு. ஒரு நிமோனியா அறுவையை மாதக்கணக்கில் தள்ளிவிடும். நிமோகாக்கல் ஊசி 2021 முதல் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசம். பண்ருட்டிப் பக்கத்துக்கென்று இன்னொன்று: முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை. அது பெரியவர்கள் தொண்டையையே கமறவைக்கும். கொட்டை உடைக்கும் வேலைக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகும் அம்மா, கூலியா குழந்தையா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வை அவர்மேல் போடாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொரு கை வேண்டும்.

நீலம் ஏறும்போது

நாலு குறைகள் சேர்ந்துவரும் ஃபாலோ வகைக் குழந்தைகளுக்கு, காலையில் எழுந்ததும் அழுகையிலோ குளிப்பாட்டும்போதோ திடீரென்று நாக்கு கருநீலமாகி மூச்சு வேகமாகும். பதறிக் குலுக்கக்கூடாது. இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, அழுகையை அமர்த்தியபடி 108-ஐக் கூப்பிடுங்கள். கால் ரத்தக்குழாய்கள் மடங்குவதால் ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

எங்கே போவது?

அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய கார்யக்ரம் 2013-இல் தொடங்கியது. இதன் நடமாடும் குழுக்கள் ஆண்டுக்கு இரண்டுமுறை அங்கன்வாடிக்கு வந்து, ஆறு வாரம் முதல் ஆறு வயதுவரை உள்ளவர்களைப் பார்க்கின்றன. ஆனால் இரண்டு மாதக் குழந்தை அங்கன்வாடி முகாமுக்காகக் காத்திருக்க முடியாது. கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவை பண்ருட்டிக்காரர்கள் போய்வரும் இடங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். குழந்தை இதய அறுவைகளும் இதில் அடங்கும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் பிறப்புச் சான்றும் தயாராக இருக்கட்டும். நகையை அடகு வைப்பதற்கு முன் 1800 425 3993-க்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது?" என்பது. பெருங்குழாய் இடம் மாறியிருந்தால் முதல் சில வாரங்களுக்குள். பெரிய துளை என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். "கொஞ்சம் வளரட்டும்" என்று வீட்டிலேயே முடிவுசெய்து இரண்டு வயதுவரை விட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்து, அறுவையே செய்ய முடியாத நிலை வரலாம்.

தையல் போட்ட பிறகு

நெஞ்செலும்பு கூட ஆறு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் கீழே, மறுகை புட்டத்துக்குக் கீழே கொடுத்து, முறத்தில் அள்ளுவதுபோல் அள்ள வேண்டும். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், பால் மறுப்பு இருந்தால் செக்கப் தேதிவரை பொறுக்க வேண்டாம். பல் முளைத்ததும் சுத்தமாகத் தேய்த்துவிட வேண்டும். ஈறு வழியாகப் போகும் கிருமி இதயத்தில் போய் ஒட்டும்.

குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் நேர்ந்துகொண்டிருப்பீர்கள். எப்போது குத்தலாம் என்று இதய மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். ஒரு வருஷம் தள்ளினாலும் தாய்மாமன் மடி எங்கும் போய்விடாது.