ஸ்னோ பைக்கின் முன்பலகை: ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, முடிவெடுப்பது எப்படி?

பனி மூடிய மலைச்சரிவில் மோட்டார் சைக்கிள் ஒன்று விரைந்து ஏறும் காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்போம். கூர்ந்து பார்த்தால் அந்த வண்டியில் சக்கரமே இருக்காது. முன்சக்கரத்தின் இடத்தில் ஒரு சறுக்குப் பலகையும், பின்சக்கரத்தின் இடத்தில் ராணுவ டாங்கிக்கு இருப்பது போன்ற சுழலும் ரப்பர் பட்டையும் இருக்கும். இதைத்தான் ஸ்னோ பைக் என்கிறார்கள்.

கனடாவிலும் வட அமெரிக்காவின் மலைப் பகுதிகளிலும் இதை ஓட்டுகிறார்கள். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஸ்னோ பைக் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. படிப்புக்காகவும் வேலைக்காகவும் கனடா சென்றிருக்கும் நம் பிள்ளைகளில் சிலர், விடுமுறை நாளில் நண்பர்களோடு இதை ஓட்டிப் பார்க்க ஆசைப்படலாம். இந்த வண்டி எதை நம்பி ஓடுகிறது, எங்கே ஏமாற்றும் என்பதை அவர்களும் நாமும் தெரிந்திருப்பது நல்லது.

ஒரு தந்தையின் துயரம்

பனியில் ஓடும் வண்டி விளையாட்டுக்காக மட்டும் பிறந்ததல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியர் என்ற இளம் மெக்கானிக் இருந்தார். பனியில் ஓடக்கூடிய வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று சிறுவயது முதலே முயன்றுவந்தார். 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. மருத்துவமனை ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலைகளோ பனியில் புதைந்து கிடந்தன. அவருடைய சோதனை வண்டி எதுவும் அந்நேரம் ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனது.

அதன்பின் அவர் வேகமாக உழைத்தார். பற்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த உந்துமுறைக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய பி7 என்ற பனி வண்டி விற்பனைக்கு வந்தது. பின்னால் பட்டை தள்ள, முன்னால் சறுக்குப் பலகைகள் திசை காட்டின. 1959இல் ஓரிருவர் ஏறிச் செல்லும் ஸ்கீ-டூ வந்தது. இன்றைய ஸ்னோமொபைல்களுக்கெல்லாம் அதுதான் வழிகாட்டி. ஸ்னோ பைக் அந்த மரபில் பிந்தி வந்த தம்பி. ஸ்னோமொபைலுக்கு முன்னால் இரண்டு பலகைகள் உண்டு. இதற்கு ஒன்றே ஒன்று. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே பலகைக்கு இரண்டு வேலை

புதிதாய் விழுந்த பனி பஞ்சு போன்றது. ஒரு கனமீட்டர் பனியின் எடை பெரும்பாலும் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். காற்றடித்து இறுகிய பனியாக இருந்தால் 300, 400 கிலோ வரை போகும். உறைந்த பனிக்கட்டியோ ஏறத்தாழ 917 கிலோ. ஒரே நாள் பயணத்தில் இந்த மூன்றின் மீதும் வண்டி போக நேரிடும்.

பஞ்சுப் பனியில் பலகை மிதக்க வேண்டும். அதற்கு அகலமும் நீளமும் தேவை. நுனி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். கடற்கரை மணலில் மெல்லிய சைக்கிள் சக்கரம் புதைவதையும் அகலமான டயர் புதையாமல் போவதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இறுகிய பனியில் பலகை கடிக்க வேண்டும். அதற்காகப் பலகையின் அடியில் நெடுக ஒரு வரம்பு இருக்கிறது. நம் கடலோர ஊர்களில் தோணி கட்டுவோர் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டை போன்றது அது. ஏரா இல்லாத தோணி காற்றில் பக்கவாட்டில் தள்ளப்படுவதைப் போல, அடிவரம்பு இல்லாத பலகை திருப்பத்தில் நேராகவே சறுக்கிப் போய்விடும். அந்த வரம்பின் விளிம்பில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் பதித்த கம்பி பொருத்தப்பட்டிருக்கும். பனிக்கட்டியைக் கீறிப் பிடிப்பது அதுதான்.

மிதப்பதும் கடிப்பதும் எதிரெதிரான வேலைகள். அகலமான பலகை நன்றாக மிதக்கும். ஆனால் இறுகிய தடத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பக் கை வலிக்கும். ஆழமான அடிவரம்பு திருப்பத்தில் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் முன்னால் போன வண்டிகள் கீறிவிட்ட பள்ளங்களுக்குள் விழுந்து அவை இழுத்த பக்கம் போகும். எல்லாப் பனிக்கும் சிறந்த பலகை என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக விற்பவர் சொன்னால், எந்தப் பனிக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கோளாறு எப்படித் தெரியும்?

முன்பக்கக் கோளாறுகளைப் பெரும்பாலும் நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, நேரான தடத்தில் வண்டி இடமும் வலமுமாகத் தாவுவது. இதுதான் மிக ஆபத்தானது. எதிரே ஸ்னோமொபைல் வரும் குறுகிய தடத்தில் வண்டி ஒரு முழம் விலகினாலே போதும், மோதல்தான்.

இரண்டாவது, ஹேண்டில்பாரைத் திருப்பியும் முகப்பு திரும்பாமல் வெளிப்பக்கமாகச் சறுக்குவது.

மூன்றாவது, ஆழப் பனியில் பலகையின் நுனி புதைந்து வண்டி குப்புறக் குனிவது.

நான்காவது, மலைச்சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது முன்பக்கம் மட்டும் கீழே நழுவுவது. ஸ்னோ பைக் மோட்டார் சைக்கிளைப் போலச் சாய்ந்து திரும்பும் வண்டி. சாயும்போது பலகையின் விளிம்புதான் பனியைப் பிடிக்கிறது. அது விட்டுவிட்டால் தாங்கிப் பிடிக்க இரண்டாவது பலகை இல்லை.

செலவில்லாததை முதலில் பாருங்கள்

வண்டி தாவுகிறது என்றவுடன் புதுப் பலகை வாங்கக் கடைக்கு ஓடுவது பலரின் வழக்கம். பலகை மாற்றுவது கடைசிப் படியாக இருக்கட்டும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, பொருத்தம். பலகையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது பலகையும் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த ஒரு போல்ட்டே வண்டியை அலைக்கழிக்கப் போதும்.

இரண்டு, எடைப் பகிர்வு. பின்பக்கப் பட்டையின் சட்டத்துக்குள் முன்கையை அடக்கிப் பிடிக்கும் ஒரு வார் இருக்கும். அதை இறுக்கினால் முன்பலகை மீது எடை கூடும். திருப்பம் நன்றாக வரும். அளவுக்கு மீறினால் தாவலும் கைவலியும் வரும். ஆழப் பனியில் நுனி புதையும். தளர்த்தினால் முன்பக்கம் இலகுவாக மிதக்கும். ஆனால் திருப்பத்தில் சறுக்கும்.

மூன்று, பலகை பொருந்தும் துளை. பல வண்டிகளில் பலகையைச் சற்று முன்னாலோ பின்னாலோ தள்ளிப் பொருத்தத் துளைகள் உண்டு. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அது தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால் தானாகவே நேராகிக்கொள்கிறது. பலகையைப் பின்தள்ளிப் பொருத்தினால் அதே விளைவு கிடைக்கும். வண்டி நேராகப் போகும், ஆனால் திருப்பக் கனமாக இருக்கும். முன்தள்ளினால் திருப்ப இலகு, ஆனால் அலையும்.

நான்கு, தேய்மானம். கார்பைடு கம்பி தேய்ந்திருந்தால் பனிக்கட்டியில் பிடிப்பு இருக்காது. புத்தம் புதிய கம்பியோ முதலில் கூடுதலாகவே கடித்துத் தாவச் செய்யலாம். பலகைக்கும் ஃபோர்க்குக்கும் இடையே உள்ள ரப்பர் கட்டை நைந்து போனால் நுனி தொங்கும். கம்பியும் ரப்பரும் பலகையின் விலையோடு ஒப்பிட்டால் சிறு செலவுதான்.

சோதிக்கும் முறை

இருக்கும் அமைப்பை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தத் துளை, வார் எத்தனையாவது கண்ணியில், ஃபோர்க் எவ்வளவு உயரத்தில் என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்ப வழி தெரியாதவர் எதையும் மாற்றக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வாரை இறுக்கி, துளையையும் மாற்றி, புதுக் கம்பியும் போட்டுவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்றால், எதனால் நன்றானது? யாருக்கும் தெரியாது.

ஓட்டுபவர், முதுகுப்பை, வேகம், தடம் ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும். தடத்தில் இறுகிய நேர்ப்பாதை, ஒரு திருப்பம், ஆழப் பனி, மிதமான குறுக்குச் சரிவு ஆகிய நான்கும் இருந்தால் மேற்சொன்ன நான்கு கோளாறுகளையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், பேசத் தொடங்குமுன் குறிப்பெழுத வேண்டும். அடுத்தவர் கருத்தைக் கேட்டபின் நம் கருத்து நம்முடையதாக இருக்காது.

மிக முக்கியமான படி ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புது அமைப்பை ஓட்டி முடித்தபின் பழைய அமைப்புக்குத் திரும்பி இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும். காலை வெயிலில் பனி இளகியிருக்கும், தடம் உழுதுபோயிருக்கும், ஓட்டுபவரின் கையும் பழகியிருக்கும். பழைய அமைப்பும் இப்போது நன்றாகவே ஓடினால், மாறியது பலகை அல்ல, பனிதான் என்று புரியும்.

பணம் கொடுத்து வாங்கிய பொருள் நன்றாக இருப்பதாகவே மனம் சொல்லும். அதனால் முடிந்தால் நண்பர் ஒருவர், என்ன மாற்றினேன் என்று சொல்லாமல் மாற்றித் தரட்டும். ஓட்டுபவருக்குப் பாதுகாப்பு குறையாதபடி பார்த்துக்கொள்வது மட்டும் அவர் பொறுப்பு: போல்ட்டுகளை இருவரும் சேர்ந்து சரிபார்த்த பின்பே வண்டி நகர வேண்டும்.

சோதனைக்கு ஏற்ற இடம்

எவ்வளவு நல்ல பலகையும் பனிச்சரிவிலிருந்து காப்பாற்றாது. ஆளைப் புதைக்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள சரிவுகளில் நிகழ்கின்றன. ஸ்னோ பைக் எளிதாக ஏறும் சரிவுகளும் அவையே. ஆகவே சோதனையை மிதமான சாய்வுள்ள இடத்தில், மேலே செங்குத்துச் சரிவு எதுவும் தொங்காத இடத்தில் நடத்த வேண்டும். மலைக்குள் போவதாக இருந்தால் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிப்பது, தனியாகப் போகாமல் இருப்பது, புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் வைத்திருப்பது, அவற்றைப் பயன்படுத்தப் பழகியிருப்பது ஆகியவை கட்டாயம்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வண்டியைப் பெற்றவுடன் மலைப்பக்கம் திருப்பாமல், ஆளில்லாத சமதளத்தில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நேராகப் போகிறதா, திருப்பினால் திரும்புகிறதா, நுனி மேலே நிற்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். ஒன்றுக்காவது இல்லை என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். கடைக்காரர் பரவாயில்லை என்று சொன்னாலும் ஏறக் கூடாது. பிள்ளை தொலைபேசியில் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு இந்த மூன்றையும் நாம் கேட்டுவைக்கலாம்.